குறைந்த பணத்தில் ஹம்பக்கர் பேஸ்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறேன், ஹம்பக்கர் சத்தம் வேண்டும், ஆனால் கையில் அதிகம் பணம் இல்லை என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஹம்பக்கர்? கேட்டவர் பெரும்பாலும் முழிப்பார். தப்பு அவருடையது இல்லை. கடையிலும் சரி, வீடியோக்களிலும் சரி, ஹம்பக்கர் என்றால் ஏதோ ஒரே ஒரு சத்தம் இருப்பதுபோலத்தான் பேசுகிறார்கள். உண்மையில் அது பிக்கப்பை, அதாவது ஸ்ட்ரிங்கின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பாகத்தை, செய்யும் முறைக்கு உள்ள பெயர். அதே பிக்கப்பை நெக்குக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு சத்தம், பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கின் முனை உட்காரும் இடம்) பக்கம் தள்ளி வைத்தால் வேறு சத்தம், உள்ளே ஒயர்களை மாற்றி இணைத்தால் மூன்றாவது சத்தம்.

இது தெரியாமல்தான் நான் என் முதல் பேஸை வாங்கினேன். பெரிய கறுப்பு மூடி போட்ட இரண்டு பிக்கப், பார்க்க நன்றாக இருந்தது, கடைக்காரர் ஹம்பக்கர் என்றார், நம்பிவிட்டேன். ஒரு திருவிழா மேடையில், பக்கத்தில் ஜெனரேட்டர், தலைக்கு மேல் வரிசையாக சீரியல் லைட், கேபிளைச் செருகியதும் பாட்டு தொடங்கும் முன்பே ம்ம்ம் என்று ஒரு இரைச்சல் மேடை முழுக்க. பிறகு ஒரு டெக்னீஷியன் மூடியைக் கழற்றிக் காட்டினார், உள்ளே இருந்தது சாதாரண சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப். அன்றிலிருந்து, மூடியைப் பார்த்து பேஸ் வாங்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில், ஹம்பக்கர் என்ன செய்கிறது

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். அதற்கு மேல் ஸ்ட்ரிங் அதிரும்போது சுருளில் மின்சாரம் உண்டாகிறது, அதுதான் ஆம்ப்புக்குப் போகும் சத்தம். பிரச்சினை என்னவென்றால் அந்தச் சுருள் ஒரு ஆன்டெனாவும்தான், சுற்றியுள்ள ட்ரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட், ஒயரிங் எல்லாவற்றின் காந்த அலையையும் சேர்த்து இழுக்கும். ஹம்பக்கரில் இரண்டு சுருள் இருக்கும். ஒன்றுக்கு எதிர்த்திசையில் மற்றொன்றை இணைத்து, காந்தத்தின் முனைகளையும் மாற்றி வைத்துவிடுவார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருளில் மேலும் இன்னொன்றில் கீழுமாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கின் சத்தத்துக்கு மட்டும் காந்தமும் சேர்ந்து திரும்பியிருப்பதால் அது இரண்டிலும் ஒரே பக்கமாக வந்து கூடிக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

நம்மூரில் பேஸ் வாசிப்பவருக்கு இது கிட்டாரிஸ்டை விட முக்கியம், ஏன் என்று சொல்கிறேன். இந்தியாவிலும் இலங்கையிலும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை எங்கும் அழுத்தாமல் வாசித்தால் சுமார் 41 ஹெர்ட்ஸ், அதிலேயே மூன்றாவது ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது அந்த இரைச்சல் நாம் வாசிக்கும் சுரங்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. கிட்டாரிஸ்ட் ஆம்ப்பில் அடிச்சத்தத்தைக் குறைத்துக்கொண்டு ஓரளவு தப்பிக்கலாம், நாம் குறைத்தால் பேஸே போய்விடும். எர்த் சரியில்லாத மண்டபங்களிலும் பந்தல்களிலும் வாசிக்கப் போகிறவர் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயம், பலருக்குத் தெரியாது. ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் 1957 முதல் வரும் இரண்டாகப் பிளந்த பிக்கப்பும் இதே வேலையைச் செய்கிறது. இரண்டு சுருள், இரண்டு ஸ்ட்ரிங்குக்கு ஒன்றாக, இரைச்சலை அழிக்கும் விதத்தில் இணைத்தது. ஆகவே உங்களுக்கு வேண்டியது இரைச்சல் இல்லாத பேஸ் மட்டும்தான் என்றால், ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்டான ஸ்குவையரின் பிரிசிஷன் ஒன்றை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், இந்தக் கட்டுரையின் மீதி தேவையில்லை. ஹம்பக்கரின் அந்தச் சத்தமே வேண்டும் என்பவர்கள் தொடருங்கள்.

எந்தச் சத்தம் என்று முடிவு செய்யுங்கள்

நான் மூன்று குடும்பங்களாகப் பிரிப்பேன்.

ஒன்று, நெக்கை ஒட்டி வைத்த பெரிய ஹம்பக்கர். கிப்சனின் ஈபி-0, ஈபி-3 வகை. க்ரீம் குழுவில் ஜாக் புரூஸ், ஃப்ரீ குழுவில் ஆண்டி ஃப்ரேசர் வாசித்தது ஈபி-3. கொழகொழவென்று தடித்த, அடர்ந்த சத்தம், மேல்சத்தம் கொஞ்சம்தான். ஆம்ப்பைச் சற்று ஏற்றி உறுமவிட்டால் பழைய ராக் சத்தம் அப்படியே வரும். மெதுவான பாட்டில் ஆனந்தமாக இருக்கும், வேகமாக நிறைய சுரம் வாசித்தால் ஒன்றோடொன்று குழம்பும். ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்தப் பிக்கப்புக்கு வைத்த மட்பக்கர் என்ற பட்டப்பெயரிலேயே சேறு இருக்கிறது, சும்மா வைக்கவில்லை. கிப்சன் 1963-இல் கொண்டுவந்த தண்டர்பேர்டையும் இந்தப் பக்கமே சேர்ப்பேன், ஆனால் அதன் சத்தம் இதைவிடத் தெளிவு, ஸ்கேலும் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) முழுநீளம்.

இரண்டாவது, மியூசிக் மேன் ஸ்டிங்ரே. ஃபெண்டர் நிறுவனத்தை விற்றுவிட்டு வந்த லியோ ஃபெண்டர் தன் பழைய சகாக்களோடு செய்தது, 1976-இல் வெளிவந்தது. ஒரே ஒரு ஹம்பக்கர், தடித்த காந்தத் தூண்கள், பிரிட்ஜ் பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். இரண்டு சுருளையும் பேரலலாக இணைத்து, பின்னால் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப், அதாவது சத்தத்தை ஆம்ப்புக்குப் போகும் முன்பே கூட்டிக் குறைக்கும் சின்ன சர்க்யூட். ஷிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், பிரதர்ஸ் ஜான்சன் குழுவின் லூயிஸ் ஜான்சன் ஆகியோர் கையில் இது எப்படிப் பேசியது என்று ஒரு முறை கேட்டுவிட்டால் மறக்க மாட்டீர்கள். அடியில் கனமும் மேலே உலோகத்தின் பளிச்சும் சேர்ந்தே வரும். கட்டைவிரலால் தட்டி வாசிக்கும் ஸ்லாப்புக்கு இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பது என் கட்சி.

மூன்றாவது, சோப்புக்கட்டி வடிவத்தில் இரண்டு ஹம்பக்கர் வைத்த நவீன பேஸ்கள். நெக் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று, இரண்டையும் கலக்க ஒரு குமிழ். எல்லாவற்றையும் ஓரளவு செய்யும்.

இதில் எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பேஸ் வராது, சாதாரண ஒயர் ஹெட்போன் போதும். மேலே சொன்னவர்கள் வாசித்ததைத் தேடிக் கேளுங்கள், பேஸை மட்டும் காதால் பின்தொடருங்கள். இளையராஜா பாடல்களின் பேஸைக் கேட்டுத்தான் நம்மில் நிறையப் பேர் இந்த வாத்தியத்துக்குள் வந்திருக்கிறோம், அந்தக் காது ஏற்கனவே உங்களிடம் இருக்கும், அதையே பயன்படுத்துங்கள். உங்களைப் பிடித்து இழுக்கும் சத்தம் கொழகொழப்பா, பளிச்சா, நடுவாந்திரமா என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நூறு விதமாக ஆசை காட்டுவார்கள், அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

சீரிஸ், பேரலல், ஆக்டிவ்: குழப்பிக்கொள்ள வேண்டாம்

இரண்டு சுருளையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் சீரிஸ். சத்தம் கூடும், நடுச்சத்தம் தடிக்கும், மேல்சத்தம் மங்கும். பக்கத்தில் பக்கமாக இணைத்தால் பேரலல். சத்தம் கொஞ்சம் குறையும், தெளிவும் பளிச்சும் கூடும். ஸ்டிங்ரேயின் பளிச்சுக்கு பாதிக் காரணம் அந்த பேரலல் இணைப்பு, மீதிக் காரணம் பிக்கப் உட்கார்ந்திருக்கும் இடமும் ப்ரீஆம்ப்பும். சில பேஸ்களில் இரண்டையும் மாற்றிக்கொள்ள சின்ன சுவிட்ச் இருக்கும். இருந்தால் நல்லது. சிங்கிள் காயில் என்று ஒரு நிலையும் அதில் இருந்தால், ஒற்றைச் சுருள் மட்டும் வேலை செய்யும் அந்த நிலையில் இரைச்சல் திரும்ப வரும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்கு ஓட வேண்டாம்.

ஆக்டிவ் என்பது வேறு கதை. பேஸுக்குள் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருந்தால் ஆக்டிவ், இல்லாவிட்டால் பேஸிவ். ஹம்பக்கர் என்றால் ஆக்டிவ் என்று கட்டாயம் இல்லை, ஆக்டிவ் என்றால் ஹம்பக்கர் என்றும் இல்லை. ஆக்டிவில் பேஸ் (அடிச்சத்தம்), ட்ரெபிள் (மேல்சத்தம்) இரண்டையும் கூட்டவும் செய்யலாம், பேஸிவில் இருக்கும் டோன் குமிழ் மேல்சத்தத்தை வெட்ட மட்டும்தான் செய்யும். ஸ்டிங்ரே சத்தம் வேண்டும் என்றால் ஆக்டிவ் வேண்டும், முதல் குடும்பத்துக்கு பேஸிவே போதும்.

விலை குறைந்த பேஸ்களில் குமிழ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். அஞ்சு குமிழ், ரெண்டு சுவிட்ச் என்று ஒரே விலைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அந்தப் பணம் வேறு எங்கிருந்தோ வெட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் ஃப்ரெட் வேலையிலிருந்து.

எந்தெந்த மாடலைத் தேடலாம்

ஸ்டிங்ரே சத்தத்துக்கு நேரான வழி ஸ்டெர்லிங் பை மியூசிக் மேன் ரே4. மியூசிக் மேன் குடும்பத்தின் விலை குறைந்த வரிசை, இந்தோனேசியாவில் செய்வது. ஒரு ஹம்பக்கர், 9 வோல்ட் ப்ரீஆம்ப், வால்யூம், ட்ரெபிள், பேஸ் என்று மூன்றே குமிழ். தலையை ஒட்டிய இடத்தில் நெக் அகலம் குறைந்தது, ஃபெண்டர் ஜாஸ் பேஸ் மாதிரி, சின்னக் கைக்கு வசதி. அசல் அமெரிக்க ஸ்டிங்ரேயின் ஆழம் முழுதாக வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாட்டுக்குள் பத்து பேரோடு வாசிக்கும்போது வித்தியாசம் கேட்கிறவர்கள் குறைவு. என்னிடம் ஒரே ஒரு பெயர் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

நடுவாந்திரம் வேண்டும் என்றால் யமஹா டிஆர்பிஎக்ஸ்304, இபானெஸ் எஸ்ஆர்300ஈ இரண்டையும் வாசித்துப் பாருங்கள். இரண்டிலும் இரண்டு ஹம்பக்கர், இரண்டுமே ஆக்டிவ். யமஹாவில் முன்கூட்டியே அமைத்து வைத்த ஐந்து சத்தங்களுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். புதிதாகக் கற்பவருக்கு நல்ல துணை, ஏனென்றால் எந்தக் குமிழை எப்படி வைத்தாலும் கேட்கவே முடியாத சத்தம் அதில் வராது. இபானெஸில் ஹம்பக்கரைச் சிங்கிள் காயில்போல மாற்றும் சுவிட்ச் உண்டு, நெக் மெலிசு, எடையும் குறைவு. நான் கற்றுக்கொடுப்பவர்களில் தோள் வலி என்று சொன்னவர்களை எஸ்ஆர் பக்கம் அனுப்பியிருக்கிறேன்.

கொழகொழ ராக் சத்தத்துக்கு கிப்சனின் விலை குறைந்த பிராண்டான எபிஃபோன்தான். அவர்களின் ஈபி-0 குட்டை ஸ்கேல், நெக்கோடு ஒட்டிய ஒற்றைப் பிக்கப், செகண்ட்ஹேண்டில் எப்போதாவது வரும், வந்தால் விடாதீர்கள். தண்டர்பேர்டும் கிடைக்கும், ஆனால் அதில் தெரிந்துகொண்டே வாங்க வேண்டிய ஒரு குணம் இருக்கிறது, கீழே ஸ்ட்ராப் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

ஸ்கேல் என்று சொன்னேன் இல்லையா, அது நட்டிலிருந்து (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் அதிரும் நீளம். முழுநீளம் 34 அங்குலம், குட்டை 30 அல்லது 30.5 அங்குலம். குட்டையில் ஃப்ரெட்டுகள் நெருக்கம், ஸ்ட்ரிங் தளர்வு, சத்தம் இன்னும் கொழகொழப்பாகும். சின்னக் கை உள்ளவர்களும் குழந்தைகளும் தயங்காமல் குட்டை ஸ்கேல் வாங்கலாம், அது பொம்மை இல்லை, மேலே சொன்ன ஜாக் புரூஸின் ஈபி-3 குட்டை ஸ்கேல்தான். ஸ்ட்ரிங் வாங்கும்போது மட்டும் குட்டை ஸ்கேலுக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

ஐந்து ஸ்ட்ரிங் வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் பேஸுக்கு நான்கு போதும். விலை குறைந்த ஐந்து ஸ்ட்ரிங் பேஸ்களில் அந்த தாழ்ந்த பி ஸ்ட்ரிங் பெரும்பாலும் தொளதொளவென்று இருக்கும், அதற்குக் கொடுக்கும் பணத்தை நல்ல செட்டப்புக்கு, அதாவது நெக்கையும் ஸ்ட்ரிங் உயரத்தையும் சரிசெய்து தரும் வேலைக்கு, கொடுக்கலாம்.

கடையில் அரை மணி நேரம்

சென்னையில் அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரி, எடுத்து வாசித்துப் பார்க்க விடும் கடைக்கு நேரில் போங்கள். ஆன்லைனில் விலை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரே மாடலில் இரண்டு பேஸை எடுத்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்காது, விலை குறைந்தவற்றில் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம். முடிந்தால் ஒரே மாடலில் இரண்டு மூன்றை எடுத்துத் தரச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், பணம் உங்களுடையது.

ஆம்ப்பில் செருகும் முன் வெறுமனே வாசியுங்கள். ஒவ்வொரு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டாக, மெதுவாக, ஒன்றுவிடாமல். எங்காவது ஜர்ர் என்று ஃப்ரெட்டில் உரசினாலோ, ஒரு சுரம் மட்டும் சட்டென்று செத்துப்போனாலோ குறித்துக்கொள்ளுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் உரசினால் பயப்பட வேண்டாம், அது செட்டப்பில் சரியாகும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் அழுத்தும்போது மட்டும் உரசினால் அதற்கு அடுத்த ஃப்ரெட் தூக்கியிருக்கலாம், அதைச் சரிசெய்ய ஃப்ரெட் வேலை தேவைப்படும், அந்த பேஸை விட்டுவிடுங்கள். நெக்கின் ஓரமாகக் கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் நுனிகள் கையைக் கீறினால் அதுவும் ஒரு குறைதான்.

அப்புறம் நெக். பேஸைத் துப்பாக்கி பிடிப்பதுபோல் பிடித்து, பாடி பக்கத்திலிருந்து நெக்கின் ஓரமாகக் கண்ணை ஓட்டுங்கள். லேசாக முன்பக்கம் வளைந்திருப்பது சரி, திருகிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். வளைவைக் கையாலும் அளக்கலாம். ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும், நெக் பாடியோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே சமயத்தில் அழுத்திப் பிடியுங்கள், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும், அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர். கூடக் குறைய இருந்தால் நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். ட்ரஸ் ராட் திரும்புகிறதா என்று கடைக்காரரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். செகண்ட்ஹேண்ட் என்றால் இது கட்டாயம், ராட் இறுகிப்போன பேஸை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது.

இனி செருகலாம். ஆம்ப்பில் எல்லாக் குமிழும் நடுவில், பேஸ் கிட்டாரில் பேஸ், ட்ரெபிள் குமிழ் இரண்டும் நடுவில். கடைக்காரர் டிமோ வாசிக்கும்போது எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருப்பார், அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். நான்கு ஸ்ட்ரிங்கையும் ஒரே பலத்தில் வாசித்து, எல்லாம் ஒரே அளவு கேட்கிறதா பாருங்கள். ஸ்டிங்ரே வகையில் ஜி ஸ்ட்ரிங் மற்றவற்றைவிட மெலிந்து கேட்கிறது என்று வாசிப்பவர்கள் வெகுகாலமாகச் சொல்வதுண்டு. கொஞ்சம் என்றால் பிக்கப்பின் அந்தப் பக்கத்தை உயர்த்திச் சரிசெய்யலாம், பாதிதான் கேட்கிறது என்றால் வேறு எடுங்கள்.

இப்போது இரைச்சல் சோதனை. ஸ்ட்ரிங்குகளைக் கையால் மூடி அமைதியாக்கிவிட்டு, வால்யூமை ஏற்றி, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள், பிறகு ஆம்ப்புக்குப் பக்கத்தில் போய் இன்னொரு சுற்று. சிங்கிள் காயிலாக இருந்தால் திரும்பத் திரும்ப இரைச்சல் கூடிக்குறையும், ஹம்பக்கரில் கிட்டத்தட்ட மாறாது. ஸ்ட்ரிங்கைத் தொட்டால் மட்டும் இரைச்சல் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்றால் அதற்கும் பிக்கப்புக்கும் சம்பந்தம் இல்லை, பேஸுக்குள் ஷீல்டிங் (இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு) போதவில்லை அல்லது அந்த இடத்து எர்த் சரியில்லை. இரண்டு பிக்கப் இருக்கும் பேஸில், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்துச் சோதிக்க வேண்டும். இரண்டு சிங்கிள் காயில் சேர்ந்து வேலை செய்யும்போதும் இரைச்சல் அடங்குவதுண்டு, நான் ஏமாந்தது அங்கேதான், கடையில் இரண்டையும் முழுதாக ஏற்றி வைத்துக் காட்டினார்கள்.

மூடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இன்னொரு வழி இருக்கிறது, கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஆம்ப் வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, சின்ன இரும்பு ஸ்க்ரூடிரைவர் நுனியால் பிக்கப் மூடியை மெல்லத் தொட்டுக்கொண்டே போங்கள், காந்தமும் சுருளும் இருக்கும் இடத்தில் டிக் டிக் என்று பலமாகக் கேட்கும், இல்லாத இடத்தில் அடங்கிவிடும். பெரிய மூடியின் நடுவில் மட்டும் ஒரே கோடாகக் கேட்டால் உள்ளே இருப்பது சிங்கிள் காயில். இரண்டு கோடாகக் கேட்டால் ஹம்பக்கர். எல்லா பிக்கப்பிலும் இது துல்லியமாக வராது, சிலவற்றில் சுருள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், அதனால் சுற்றிப் பார்க்கும் சோதனையையும் சேர்த்தே செய்யுங்கள்.

கடைசியாக ஸ்ட்ராப் மாட்டி நில்லுங்கள். இடது கையை நெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். தலை தரையைப் பார்த்துச் சரிந்தால், வாசிக்கும் நேரம் முழுக்க உங்கள் இடது கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கும், விரல்களுக்கு வேலை செய்ய சுதந்திரம் இருக்காது. தண்டர்பேர்ட் வகையின் குணம் என்று சொன்னேனே, அது இதுதான், அதன் வடிவமே அப்படி. அகலமான, உள்பக்கம் சொரசொரப்பான ஸ்ட்ராப் போட்டால் ஓரளவு அடங்கும். அந்தச் சத்தத்துக்காக அதைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்கள் முதல்முறை கற்பவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள். உட்கார்ந்து மட்டும் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கினால் இது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது

கையில் இருப்பது எல்லாவற்றையும் பேஸிலேயே போட்டுவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு பேஸுக்கு, மீதி ஆம்ப், கேபிள், ஸ்ட்ராப், ட்யூனர், முக்கியமாக ஒரு செட்டப்புக்கு. ட்யூனரை மொபைலில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பயிற்சிக்கு ஆம்ப் வாங்க வசதி இல்லை என்றால், ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் சின்ன ஆம்ப் போதும், அபார்ட்மெண்டில் பக்கத்து வீட்டுக்காரரும் சந்தோஷப்படுவார். கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் செருகி வால்யூமை ஏற்றாதீர்கள். மெதுவாக வைத்தால் ஒன்றும் ஆகாது, ஏற்றினால் அந்த ஸ்பீக்கர் தாங்காது.

செட்டப் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்த புது பேஸ் பெரும்பாலும் வாசிப்பதற்குத் தயாராக இருக்காது, ஸ்ட்ரிங் உயரமாக இருக்கும், விரல் வலிக்கும், புதியவர் தனக்கு பேஸ் வரவில்லை என்று நினைத்து மூலையில் வைத்துவிடுவார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம், எத்தனையோ பேர் இப்படி நிறுத்தியிருக்கிறார்கள், ஒரு மணி நேர வேலையில் சரியாகியிருக்கும். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் ஈ ஸ்ட்ரிங் சுமார் இரண்டரை மில்லிமீட்டரும் ஜி ஸ்ட்ரிங் இரண்டு மில்லிமீட்டரும் இருக்கும்படி டெக்னீஷியனிடம் கேளுங்கள், கூடவே இன்டோனேஷனும் பார்த்துத் தரச் சொல்லுங்கள், அதாவது 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுரமும் அதே இடத்தில் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஸ்ட்ரிங்கில் பளிச்சென்ற ஸ்டிங்ரே சத்தத்துக்கு ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது), கொழகொழப்புக்கு ஃப்ளாட்வவுண்ட் (தட்டைக் கம்பி சுற்றியது, வழவழப்பானது). 45 முதல் 105 வரை தடிமனுள்ள செட் எல்லாக் கடையிலும் கிடைப்பது, அதிலேயே தொடங்குங்கள். ஃப்ளாட்வவுண்ட் விலை அதிகம், ஆனால் வருடக்கணக்கில் வரும்.

செகண்ட்ஹேண்டில் நல்ல நெக்கும் நல்ல பாடியும் உள்ள பேஸ் மலிவாகக் கிடைத்து, பிக்கப் மட்டும் சுமார் என்றால் வாங்கிவிடலாம். பிக்கப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், செமோர் டங்கன், டிமார்சியோ போன்றவர்கள் தனியாகவே விற்கிறார்கள். பிக்கப் உட்காரும் குழியின் நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் ஆர்டர் செய்ய வேண்டும், ஹம்பக்கர்களில் அளவுகள் பல.

வீட்டுக்கு வந்த பிறகு

பிக்கப்புக்கு நேர் மேலே வாசித்துப் பாருங்கள், பிறகு நெக் பக்கம் நகர்ந்து, பிறகு பிரிட்ஜ் பக்கம். குமிழைத் தொடாமலே மூன்று பேஸ் கிடைக்கும். ஸ்டிங்ரே வகையில் கட்டைவிரலைப் பிக்கப்பின் மேல் ஊன்றி வாசித்தால்தான் அந்தப் பளிச்சு வரும். பிக்கப்பை ஸ்ட்ரிங்குக்கு மிக நெருக்கமாக உயர்த்திவிடாதீர்கள், காந்தம் ஸ்ட்ரிங்கைப் பிடித்து இழுத்து, சுரம் நீளாமல் அடங்கிவிடும். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திக்கொண்டு, பிக்கப்புக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, காதால் கேட்டுக்கொண்டே அரைத் திருகு அரைத் திருகாக மாற்றுங்கள்.

ஆக்டிவ் பேஸில் கேபிள் செருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், வாசிக்கிறீர்களோ இல்லையோ. வாசித்து முடித்ததும் பேஸ் பக்கத்துக் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். சத்தம் திடீரென்று கரகரவென்று உடைந்தால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள், கச்சேரிக்குப் போகும்போது பையில் ஒரு உபரி 9 வோல்ட் கட்டாயம் இருக்கட்டும்.

வெயிலில் நிற்கும் காருக்குள் பேஸை விட்டுவிட்டுப் போகாதீர்கள், ஏசி காற்று நேராகப் படும் சுவரிலும் மாட்டாதீர்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் ஸ்ட்ரிங்குகளை உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள், உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து ஒரு மாதத்தில் துருவேற்றிவிடும். ஐப்பசி மழை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் அந்த விசிட்டிங் கார்டை எடுத்து நெக்கை மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள், மரம் ஈரத்தை இழுத்து நகர்ந்திருக்கும். திருக வேண்டியிருந்தால் ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் வேண்டாம், ஒரு இரவு அப்படியே விட்டு, காலையில் ட்யூன் செய்து, மறுபடி அளந்துவிட்டு அடுத்த கால் திருகு.